நாலு நூலும் ஒரு பூட்டும்: கைட்சர்ஃபிங் கன்ட்ரோல் பார் வாங்குறதும் பராமரிக்கிறதும்

எடிட்டர் டீம் என்கிட்ட கேட்டது ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வெச்சு ஈஸியா ஒரு கட்டுரை’. பீம், காலம், பெண்டிங் மொமென்ட்னு எழுதினா நீங்க ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவீங்கன்னு தெரியும். அதனால என் உடம்புல வடு போடாம, என் ரூம்மேட் முழங்கையில வடு போட்ட ஒரு கருவியைப் பத்தி எழுதுறேன். அதுதான் கைட்சர்ஃபிங் கன்ட்ரோல் பார்.

திண்டுக்கல்ல கடல் இல்ல. மலை இருக்கு, பூட்டு இருக்கு, பிரியாணி இருக்கு. ஆனா ஆடி மாசம் நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடியில துணி காயப் போட்டுப் பாருங்க, காத்து எப்படி இழுக்குதுன்னு தெரியும். அந்தக் காத்தை விளையாட்டா மாத்துற இடம் இங்கிருந்து ஒரே நாள் பயணம்தான். திண்டுக்கல்ல பஸ் ஏறி ஆரப்பாளையத்துல இறங்கி, மாட்டுத்தாவணி போய் ராமேஸ்வரம் பஸ் பிடிச்சா, ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவுல பிரப்பன்வலசைன்னு ஒரு ஊர் வரும். அந்தக் கடற்கரையிலதான் கைட்சர்ஃபிங் சொல்லித் தர்றாங்க. அங்க நிலம் ஒடுங்கி, ஒரு பக்கம் பாக் விரிகுடா, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடான்னு இருக்கிறதால, தென்மேற்குப் பருவக்காற்று அடிச்சாலும் வடகிழக்குப் பருவக்காற்று அடிச்சாலும் ஏதாவது ஒரு கரை சரியா அமையும். தூத்துக்குடியிலயும் இந்த விளையாட்டு இருக்கு. கடல் தாண்டினா இலங்கையில கற்பிட்டி, உலகம் முழுக்க இருந்து கைட்சர்ஃபர்கள் வர்ற ஊர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மார்செய் கடல்ல முதல் முறையா கைட் பந்தயமே நடந்துச்சு. அதனால இது வெளிநாட்டுக்காரங்க விளையாட்டு மட்டும்னு நினைக்க வேண்டாம்.

கைட்டைப் பத்தியும் போர்டைப் பத்தியும் எல்லாரும் பேசுவாங்க. பாரைப் பத்தி யாரும் பேசுறதில்ல. நாங்களும் பேசல. அதுக்கு நாங்க கொடுத்த விலையைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல கருவியைத் தெரிஞ்சுக்கலாம்

உங்களுக்கும் கைட்டுக்கும் நடுவுல இருக்கிற ஒரே தொடர்பு இந்த பாரும் லைனும்தான். பார்ங்கிறது கையில பிடிக்கிற குச்சி, 40-லிருந்து 55 செ.மீ வரைக்கும் நீளம் இருக்கும். அதுல இருந்து பொதுவா நாலு லைன் கைட்டுக்குப் போகும். நடுவுல இருந்து போற ரெண்டும் முன் லைன். அவை கைட்டோட முன் விளிம்பைப் பிடிச்சிருக்கும், இழுவையில பெரும்பகுதி இவைமேலதான். பாரோட ரெண்டு முனையில இருந்து போறது பின் லைன். திருப்புறது இவை வேலை. இடது பின் லைனை இழுத்தா கைட் இடது பக்கம் திரும்பும், வலதை இழுத்தா வலது. பாரோட இடது பாதி பெரும்பாலும் சிவப்பு நிறத்துல இருக்கும், குழப்பத்துல பாரைத் தலைகீழாப் பிடிச்சிடக் கூடாதுன்னு.

முன் லைன் ரெண்டும் ஒண்ணு சேர்ந்து ஒரு தடித்த கயிறாகி, பாரோட நடு ஓட்டை வழியா வந்து சிக்கன் லூப்புங்கிற வளையத்துல முடியும். அந்த வளையத்தை இடுப்புல கட்டியிருக்கிற ஹார்னஸ் கொக்கியில மாட்டுவோம். கைட்டோட இழுவை கைக்கு வராம இடுப்புக்குப் போறது இதனாலதான். நடுவுல வர்ற அந்தக் கயிறுக்கு டீபவர் லைன்னு பேரு. பாரைத் தள்ளிவிட்டா பின் லைன் தளர்ந்து கைட்டோட சாய்வுக் கோணம் குறையும், இழுவை குறையும். பாரை நம்ம பக்கம் இழுத்தா பவர் கூடும். சைக்கிள் பிரேக்கும் கார் ஆக்ஸிலரேட்டரும் ஒரே குச்சியில இருக்கிற மாதிரி.

சிக்கன் லூப்புக்கு மேல குயிக் ரிலீஸ் இருக்கும். அதை முன்பக்கமாத் தள்ளினா வளையம் திறந்துடும். அப்போ பார் மேல ஓடிப் போய், கைட் ஒரே ஒரு முன் லைன்ல மட்டும் தொங்கி, கொடி மாதிரி படபடத்து பவர் இல்லாம விழும். அந்த ஒரு லைனும் நம்ம உடம்போட ஒரு லீஷ் மூலமா சேர்ந்திருக்கும். அந்த லீஷுக்கும் தனியா ஒரு ரிலீஸ் உண்டு.

இவ்வளவுதான் கருவி. இதுல ரெண்டே ரெண்டு விஷயம் சரியா இருந்தா போதும். நாலு லைனும் சமமா இருக்கணும். ரிலீஸ் திறக்கணும். கட்டுரை முழுக்க இந்த ரெண்டைப் பத்தித்தான்.

எவ்வளவு இழுவை வருது?

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் மறந்தவங்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. காத்தோட விசை = பாதி × காற்றடர்த்தி × வேகத்தின் வர்க்கம் × பரப்பு × ஒரு குணகம். 12 சதுர மீட்டர் கைட், காத்து 18 நாட். 18 நாட்னா வினாடிக்கு 9.26 மீட்டர். நம்ம ஊர் வெப்பத்துல காற்றடர்த்தியை கன மீட்டருக்கு 1.16 கிலோன்னு எடுத்துக்கலாம், குணகத்தை 0.8-ன்னு வெச்சுக்கலாம். போட்டுப் பார்த்தா சுமார் 477 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 49 கிலோ எடை. 'அவ்வளவுதானா?'ன்னு கேட்பீங்க. இது கைட் அசையாம ஓரிடத்துல நிக்கும்போது.

கைட் நிக்காது. வானத்துல குறுக்கே பாயும்போது அது சந்திக்கிற காத்தோட வேகம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா, விசை நாலு மடங்கு. 49 கிலோ 195 கிலோ ஆயிடும். அது 70 கிலோ ஆளைத் தூக்கிப் பறக்கவிடப் போதும். இன்னொண்ணு: 18 நாட் காத்து திடீர்னு 25 நாட்டுக்கு ஏறினா விசை எத்தனை மடங்கு? 25-ஐ 18-ஆல வகுத்து வர்க்கம் பண்ணுங்க, 1.93. அதாவது காத்து ஒண்ணரை மடங்குகூட ஏறல, இழுவை ரெண்டு மடங்கு. ‘காத்து கொஞ்சம்தானே ஏறியிருக்கு’ன்னு கரையில யாராவது சொன்னா இந்த வர்க்கத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அதனாலதான் லைன் ஒவ்வொண்ணும் நூத்துக்கணக்கான கிலோ தாங்குற மாதிரி செய்றாங்க. முன் லைன் பின் லைனை விட அதிகம் தாங்கணும், அதனால சில செட்ல முன் லைன் தடிமனா இருக்கும். புது லைன் நல்லாருக்கும்போது சும்மா அறுந்து போறது அபூர்வம். பிரச்சினை வேற இடத்துல இருந்து வரும்.

எந்த நூல், ஏன்?

எங்க அப்பா வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில வேலை பார்க்கிறார். பருத்தி நூலுக்கு உயிரே முறுக்குதான்னு சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கேன். கைட் லைனை அவர்கிட்ட காட்டினப்போ விரல்ல உருட்டிப் பார்த்துட்டு, 'முறுக்கே இல்லையேடா'ன்னார். சரியாத்தான் சொன்னார். முறுக்கின கயிறு பாரம் ஏறினா முறுக்கை விடப் பார்க்கும், சுழலும். அதனால கைட் லைனை முறுக்குறதில்ல, பின்னல் போடுறாங்க. ஜடை மாதிரி. பாதி இழை ஒரு பக்கம், பாதி இழை எதிர்ப்பக்கம் சுத்துறதால சுழற்சி ஒண்ணை ஒண்ணு அடிச்சுடும்.

இழை எதுன்னா, அல்ட்ரா ஹை மாலிக்யூலர் வெயிட் பாலிஎத்திலீன். நம்ம பாலித்தீன் கவரோட சொந்தக்காரன்தான், ஆனா சங்கிலி ரொம்ப ரொம்ப நீளம், எல்லாம் ஒரே திசையில நேரா இழுத்து அடுக்கப்பட்டது. டைனீமா, ஸ்பெக்ட்ரா எல்லாம் இதோட வணிகப் பெயர்கள். எடைக்கு எடை எஃகை விட பல மடங்கு பலம். அடர்த்தி 0.97 என்பதால தண்ணியில மிதக்கும். தண்ணியை உறிஞ்சாது. குறைவா நீளும், அதனால கையசைவு உடனே கைட்டுக்குப் போகும்.

ஆனா மூணு பலவீனம் இருக்கு.

ஒண்ணு, உருகுநிலை குறைவு, 150 டிகிரி செல்சியஸ் பக்கம்தான். ஒரு லைன் நிக்க, அதுமேல இன்னொரு லைன் வேகமா உரசினா அந்த ஒரே புள்ளியில சூடு ஏறி உருகி அறுந்துடும். கடல்ல ரெண்டு பேர் லைன் சிக்கினா பயப்படுறது இதுக்குத்தான்.

ரெண்டு, வழவழப்பு. சாதாரண முடிச்சு வழுக்கும். அதைவிட மோசம், நடு லைன்ல தெரியாம ஒரு முடிச்சு விழுந்துட்டா அந்த இடத்துல பலம் பாதிக்குப் போயிடும், சில சமயம் அதுக்கும் கீழே. முடிச்சைப் பார்த்த உடனே அவிழ்த்துடணும். பாரம் ஏத்தி இறுகிட்டா அவிழ்க்கவே முடியாது.

மூணு, க்ரீப். நம்ம லேப்ல படிச்ச அதேதான். தொடர்ந்து பாரம் ஏறினா மெல்ல மெல்ல நிரந்தரமா நீளும், வெப்பத்துல இன்னும் வேகமா. அறுந்த லைனைக் கண்ணால பார்த்துடலாம். நீண்ட லைன் அப்படி இல்ல, சமம் கெட்டிருக்கிறது வெளியில தெரியவே தெரியாது.

இன்னொரு எச்சரிக்கை. மாஞ்சா நூல் கழுத்தறுத்த செய்தி நாம எல்லாரும் படிச்சிருக்கோம். நைலான் மாதிரி செயற்கை மாஞ்சாவுக்கு 2017-ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டுச்சு. கைட் லைன்ல கண்ணாடித் தூள் இல்லதான். ஆனா மெல்லிசான நூல், 100 கிலோ இழுவை. விரல்ல சுத்திட்டீங்கன்னா மாஞ்சா வேலையை அதுவும் செய்யும். பாரம் இருக்கிற லைனைக் கையால பிடிக்கவே பிடிக்காதீங்க.

பார் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

புது பார் விலை கேட்டா செமஸ்டர் ஃபீஸ் ஞாபகம் வரும். அதனால மாணவர்கள் செகண்ட் ஹேண்ட்தான் வாங்குவோம். நாங்களும் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய பார் வாங்கினோம். வாங்குறதுக்கு முன்னாடி இந்த வரிசையில பார்த்திருக்கணும்:

1. ரிலீஸ். முதல்ல இதைப் பாருங்க, கலரை அப்புறம் பார்க்கலாம். ஒரு கையால, முன்னால தள்ளினா திறக்குற வகையா? திறந்ததும் கைட் ஒரே ஒரு முன் லைன்ல தொங்குற அமைப்பா? பழைய சில பார்கள்ல ரிலீஸ் பண்ணினாலும் கைட்ல கொஞ்சம் பவர் மிச்சம் இருக்கும். கைட் ரிலீஸுக்குன்னே ஐ.எஸ்.ஓ 21853-ன்னு ஒரு தரநிலை 2020-ல வந்திருக்கு. புது பார் வாங்குறவங்க அதைக் கேட்டு வாங்கலாம். பழசு வாங்குறவங்க கொக்கியில மாட்டி, உடம்பு எடையைச் சாய்ச்சு, பாரத்தோட திறந்து பார்த்துத்தான் காசைக் கொடுக்கணும். பாரம் இல்லாம எல்லா ரிலீஸும் திறக்கும்.

2. கைட்டோட பொருத்தம். நாலு லைன் கைட்டா, அஞ்சு லைன் கைட்டா? கைட்டும் பாரும் வேற வேற கம்பெனியா இருந்தா, முன் லைன் பிரியிற உயரமும் லைன் நீளக் கணக்கும் மாறும். கைட் மேனுவல் சொல்ற அமைப்புக்கு ஒத்துவருதான்னு பார்க்கணும்.

3. பார் நீளம். இது சின்ன ட்ரிக்னாமெட்ரி. 50 செ.மீ பாரை 30 டிகிரி சாய்ச்சா ரெண்டு முனைக்கும் வித்தியாசம் 25 செ.மீ. 40 செ.மீ பாரை அதே அளவு சாய்ச்சா 20 செ.மீ. சின்ன கைட் ஏற்கனவே துறுதுறுன்னு திரும்பும், அதுக்கு நீள பார் போட்டா கைக்கு அடங்காது. பெரிய கைட் மந்தம், அதுக்குக் குட்டை பார் போட்டா திரும்பவே யோசிக்கும். பாரோட முனையில லைன் மாட்டுற இடத்தை மாத்தி ரெண்டு நீளத்துக்கும் வெச்சுக்கிற பார் கிடைச்சா, ரெண்டு கைட்டுக்கு ஒரு பார் போதும்.

4. லைன் நீளம். பொதுவா 20-லிருந்து 24 மீட்டர். நீளம் கூடினா கைட் வானத்துல பாயுற தூரம் கூடும், அதனால குறைஞ்ச காத்துலயும் பவர் எடுக்கலாம். ஆனா கையசைவுக்கும் கைட் திரும்புறதுக்கும் நடுவுல தாமதம் வரும். குட்டை லைன் சுறுசுறுப்பு, பவர் குறைவு. பலமான காத்துக்கும் பழகுறவங்களுக்கும் குட்டை நல்லது. லைன் தடிமனும் கணக்குல வரும். 1.5 மி.மீ தடிமன்ல 24 மீட்டர் லைன் நாலுன்னா, காத்துக்குக் காட்டுற பரப்பு 0.144 சதுர மீட்டர். 2 மி.மீ ஆனா 0.192. இந்த வித்தியாசம் பந்தயக்காரங்களுக்குப் பெரிசு. நமக்கு மணல்ல உரசித் தேயாம இருக்கிறதுதான் பெரிசு, அதனால ரொம்ப மெல்லிசுக்கு ஆசைப்பட வேண்டாம்.

5. கை எட்டுமா? பாரை முழுசா மேல தள்ளினாலும் விரல் எட்டணும். பவர் குறைக்கிற ட்ரிம் கயிறு பாருக்கு மேல இருக்கிற மாடல்ல, குள்ளமா இருக்கிறவங்களுக்கு அது எட்டாமப் போகலாம். ஹார்னஸ் மாட்டி நின்னு, கை நீட்டிப் பார்த்து வாங்கணும்.

நாலும் சமமா?

எங்க தெருவுல ஒரு பூட்டுப் பட்டறை இருக்கு. நம்ம திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டறைத் தாத்தா ஒரு லீவர் பூட்டைத் திறந்து காட்டினார். உள்ள தகடு தகடா லீவர் அடுக்கியிருக்கும். சாவி திரும்பும்போது எல்லாத் தகடும் அததுக்குரிய உயரத்துக்குச் சரியா எழும்பினாத்தான் தாழ்ப்பாள் நகரும். ஒரு தகடு மயிரிழை கூடவோ குறையவோ இருந்தா, மத்தது எல்லாம் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல. கைட் லைனும் அப்படித்தான். 24 மீட்டர்ல 2 செ.மீ வித்தியாசம்னா 0.1 சதவீதம்கூட இல்ல. ஆனா கைட் அதை உணரும்.

சமம் பார்க்கிற முறை இது. ஒரு தூண்லயோ கம்பத்துலயோ ஒரே புள்ளியில நாலு லைன் முனையையும் மாட்டுங்க. லைனை முழு நீளத்துக்கு விரிச்சு, சிக்கல் இல்லாமப் பிரிச்சுக்கோங்க. ட்ரிம்மை முழுப் பவருக்கு விட்டுடுங்க. ஹார்னஸ் கொக்கியில சிக்கன் லூப்பை மாட்டி, பாரை முழுசாக் கீழே இழுத்து, பின்னால சாய்ஞ்சு நில்லுங்க. முன் லைன் ரெண்டும் ஒரே இறுக்கமா? பின் லைன் ரெண்டும் ஒரே இறுக்கமா? முன்னும் பின்னும் ஒண்ணா? பார் நேரா நிக்குதா? சில கம்பெனி பார்கள்ல முன்னுக்கும் பின்னுக்கும் வேணும்னே கொஞ்சம் வித்தியாசம் வெச்சிருப்பாங்க, அதனால மேனுவலை ஒரு தடவை பார்த்துக்கோங்க.

தண்ணியில இருக்கும்போது தெரியிற அறிகுறிகள்:

- பாரை நேராப் பிடிச்சும் கைட் இடது பக்கமே போகுதா? இடது பின் லைன் குட்டை, இல்லைன்னா வலது பின் லைன் நீளம்.
- கைட் பின்னால தங்கிப் போய், பவர் இழந்து பின்பக்கமா விழுதா? பின் லைன் ரெண்டும் குட்டை. பெரும்பாலும் உண்மையான காரணம், அதிக பாரம் தாங்குற முன் லைன் நீண்டு போனது.
- பார் தொளதொளன்னு இருந்து, முழுசா இழுத்தாத்தான் பவர் வருதா, திரும்ப மாட்டேங்குதா? பின் லைன் நீளம்.

சரி பண்ண, பாருக்குப் பக்கத்துல லைன் சேருற குட்டிக் கயிறுகள்ல வரிசையா சில முடிச்சுகள் இருக்கும். லைனை ஒரு முடிச்சு முன்னயோ பின்னயோ மாத்தி மாட்டினா நீளம் மாறும். குட்டையா இருக்கிற லைனுக்கு உப்பும் மணலும் பின்னலுக்குள்ள போய் அடைச்சிருக்கிறதும் காரணமா இருக்கலாம். நல்லா நன்னீர்ல ஊறவெச்சு, கம்பத்துல கட்டி மெதுவா இழுத்துவிட்டா கொஞ்சம் திரும்பி வரும். புது லைன் முதல் சில தடவையிலதான் அதிகமா நீளும், அதனால முதல் மூணு நாலு செஷனுக்கு அப்புறம் கண்டிப்பா சமம் பாருங்க.

எங்க கைட் முதல் நாள்ல இருந்தே இடது பக்கம் இழுத்துச்சு. நான் என் கையைத்தான் திட்டிக்கிட்டேன், 'நமக்கு வரல'ன்னு. ஒரு மாசம் கழிச்சுப் பயிற்சி கொடுக்கிற அண்ணன் கம்பத்துல கட்டி இழுத்துக் காட்டினார், இடது பின் லைன் 4 செ.மீ குட்டை. எங்களுக்கு வித்தவர் வலது பின் லைனை மட்டும் புதுசா மாத்தியிருந்திருக்கார். புதுசு நீண்டுடுச்சு, பழசு நீளாம நின்னுடுச்சு. அதனால லைன் மாத்தினா ஜோடியாத்தான் மாத்தணும். அந்த ஒரு மாசம் நான் தப்பான கைட்டுக்கு ஏத்த மாதிரி கையைப் பழக்கியிருந்தேன். அதை மறக்க இன்னொரு மாசம் ஆச்சு.

திறக்குமா?

இப்போ முழங்கைக் கதை.

போன ஜூலை மாசம் ரெண்டு தடவை போனோம். முதல் தடவை முடிஞ்சு வந்தப்போ பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாரை அப்படியே ஈரத்தோட பையில திணிச்சேன். ஹாஸ்டல் வந்து கட்டில் அடியில தள்ளிட்டேன். மாடல் எக்ஸாம் வேற. ரெண்டு வாரம் அது அங்கயே கிடந்துச்சு. ரெண்டாவது தடவை போனப்போ, 'நீ முதல்ல போடா'ன்னு பாரை ரூம்மேட் கையில கொடுத்தது நான்தான்.

கைட் மேல ஏறிச்சு. அவன் தண்ணிக்கு நடக்கிறதுக்குள்ள ஒரு பலத்த காத்து வந்துச்சு. மேல சொன்ன வர்க்கக் கணக்கு கண்ணு முன்னால நடந்துச்சு. அவன் பாரை விட்டுட்டான், அது சரி. ஆனாலும் மணல்ல தரதரன்னு இழுத்துட்டுப் போகுது, எதிர்ல சீமைக்கருவேலம் புதர். குயிக் ரிலீஸைத் தள்ளினான். திறக்கல. மறுபடி ரெண்டு கையாலயும் தள்ளினப்போதான் திறந்துச்சு. அதுக்குள்ள முழங்கை ஒரு கல்லுல அடிபட்டு நாலு தையல். புதருக்கு அவன் போய்ச் சேரல, அவ்வளவுதான் அதிர்ஷ்டம்.

அண்ணன் பாரை வாங்கிப் பார்த்தார். ரிலீஸுக்குள்ள உப்பும் மணலும் சேர்ந்து கட்டியா உறைஞ்சிருந்துச்சு. என்னைத் திட்டல. ‘தம்பி, இதைக் கடைசியா எப்போ அமுக்கிப் பார்த்தே?’ன்னு மட்டும் கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. வாங்குன நாளுக்கு அப்புறம் ஒரு தடவைகூட இல்ல.

பட்டறைத் தாத்தாகிட்ட இதைச் சொன்னேன். பூட்டுக்கு எண்ணெய் விடாதீங்க, எண்ணெய் தூசியைப் பிடிச்சு வெச்சுக்கும்னு அவர் எப்பவும் சொல்வார். ரிலீஸுக்கும் அது அப்படியே பொருந்தும். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம், மணல் ஒட்டிக்கும். நன்னீர் மட்டும் போதும்.

ரிலீஸ் விஷயத்துல நாங்க இப்போ கடைப்பிடிக்கிறது:

- ஒவ்வொரு தடவையும் கைட் ஏத்துறதுக்கு முன்னாடி, பாரத்தோட ஒரு தடவை திறந்து, மறுபடி பூட்டணும். லீஷ் ரிலீஸையும் அதே மாதிரி.
- ரிலீஸ் திறந்தா மட்டும் போதாது. பார் அந்த ஒரு லைன் வழியா மேல ஓடணும், குறைஞ்சது கைட்டோட அகல அளவுக்காவது. முன் லைன் முறுக்கிக் கிடந்தாலோ, சுழல் மூட்டு உப்புல இறுகிப் போயிருந்தாலோ பார் நடுவுல நின்னுடும், கைட் பவரோடயே இருக்கும். தரையில ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்க.
- ஆபத்துல வரிசை இதுதான்: முதல்ல பாரை விடு. அடங்கலையா, குயிக் ரிலீஸ். அப்பவும் இழுக்குதா, லீஷ் ரிலீஸ். கைட் போனா போகட்டும். கண்ணை மூடிக்கிட்டே கை அந்த இடத்துக்குப் போற அளவுக்குக் கரையில பழகணும்.
- ஹார்னஸ்ல ஒரு கொக்கிக் கத்தி எப்பவும் இருக்கணும். கால்ல லைன் சுத்திக்கிட்டா அதுதான் துணை.

கழுவுறது, சுத்துறது, வைக்கிறது

கரைக்கு வந்ததும் ஒரு வாளி நன்னீர். பாரை முழுசா முக்கி, தண்ணிக்குள்ளயே ரிலீஸைப் பத்துத் தடவை திறந்து மூடுங்க. சுழல் மூட்டைச் சுத்திவிடுங்க. சுத்தி வெச்ச லைனோடயே ஊறவிடலாம். அப்புறம் நிழல்ல காயப் போடுங்க. நம்ம ஊர் வெயில்ல மொட்டை மாடியில தொங்கவிடாதீங்க, புற ஊதாக் கதிர் இழையைக் கெடுக்கும்.

லைனைப் பார்ல சுத்தும்போது நூல்கண்டு மாதிரி ஒரே பக்கமாச் சுத்தக் கூடாது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்கு ஏறும், நாளைக்குப் பிரிக்கும்போது சிக்கல்தான். 8 வடிவத்துல சுத்துங்க. ஒரு பக்கம் ஏறுற முறுக்கை அடுத்த பக்கம் இறக்கிடும். முனையை எலாஸ்டிக்ல மாட்டி முடிச்சுடுங்க.

எப்போ மாத்தணும்?

லைனை விரல் நடுவுல விட்டு முழு நீளமும் உருவிப் பாருங்க, பாரம் இல்லாதப்போ மட்டும். லேசாப் பஞ்சு மாதிரி இருந்தா கவனிச்சுக்கிட்டே இருக்கணும். இழை அறுந்திருந்தா, ஓரிடம் மட்டும் மெலிஞ்சிருந்தா, இல்ல பளபளன்னு கெட்டியா உருகின மாதிரி இருந்தா, பேரம் பேசாம ஜோடியோட மாத்திடுங்க. பாரோட நடு ஓட்டையில உரசுற டீபவர் லைன்தான் எல்லாத்தையும் விட வேகமாத் தேயும். அதோட பிளாஸ்டிக் உறை கிழிஞ்சு உள் கயிறு தெரிஞ்சா மாத்தணும். தனியா ஸ்பேர் கிடைக்கும். அறுந்த லைனைக் கடல்லயோ கரையிலயோ போட்டுட்டு வராதீங்க, ஆமைக்கும் மீனவர் வலைக்கும் அது தொல்லை.

கரையில பத்து நிமிஷம்

பிரிண்ட் எடுத்துப் பையில வெச்சுக்கோங்க:

1. லைனை விரிச்சு, பார்ல இருந்து கைட் வரைக்கும் லைன்களுக்கு நடுவுல நடந்து பிரிச்சாச்சா?
2. முடிச்சு, தேய்மானம் ஏதும் உண்டா?
3. முன் லைன் முன்னால, பின் லைன் பின்னால, இடது வலது சரியா மாட்டியிருக்கா? மாத்தி மாட்டினா கைட் ஏறின நொடியே கையை மீறிடும். இன்னொருத்தரை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க.
4. சமம் பார்த்தாச்சா?
5. ரிலீஸ் பாரத்தோட திறந்துச்சா? லீஷ்?
6. பார் மேல தடையில்லாம ஓடுதா?

கேம்பஸ்ல வேற விளையாட்டு ஆடுறவங்களுக்கும் இது பொருந்தும். ஹெல்மெட் கொக்கி, ராக் க்ளைம்பிங் கராபினர், லேப்ல இருக்கிற எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன், எதையாவது கடைசியா எப்போ அமுக்கிப் பார்த்தீங்க?

என் ரூம்மேட் இதைப் படிப்பான்னு தெரியும். டேய், அன்னைக்கு பஸ்ல வரும்போது 'பரவாயில்லடா'ன்னு நீ சொன்னே. நான் அம்மாகிட்ட கூட இந்தக் கதையைச் சொல்லல, இங்க முதல் தடவையா எழுதுறேன். தப்பு என்னோடது. இப்போ அந்த பார் என் கட்டில் அடியில இல்ல, உன் அலமாரியில இருக்கு. வாளியும் உன்கிட்டதான் இருக்கு. அடுத்த தடவை போகும்போது ரிலீஸை நான் ஒரு தடவை அமுக்குறேன், நீ ஒரு தடவை அமுக்கு.

டவுட் இருந்தா சாயங்காலம் மெக்கானிக்கல் பிளாக் பின்னால வாங்க. அந்த வேப்பமரத்துலதான் லைன் கட்டி சமம் பார்த்துட்டு இருப்போம்.

– இறுதியாண்டு, மெக்கானிக்கல்